கட்டத்துக்குள் படம் வரவில்லை

மார்ச் 3, திங்கள்

அண்ணனின் டேப்லெட்டில் நாங்கள் எழுதிய புது நிரலை ஏற்றினேன். திரை நிறையக் கட்டங்கள் வந்தன. ஒன்றிலும் படம் இல்லை. அலுவலகத்தில் எல்லாம் தெரிந்ததே, சத்தியமாகத் தெரிந்ததே!

பக்கவாதம் வந்ததிலிருந்து அண்ணனுக்குப் பேச்சும் இல்லை, எழுத்தும் பிடிபடவில்லை. படத்தைத் தொட்டால் நிரல் அவருக்காகப் பேசும். பழையதில் இருந்தவை புகைப்படங்கள். நடுங்குகிற கைக்காகப் பெரிதாக்கினால் தண்ணீர்க் குவளையும் மருந்துப் புட்டியும் ஒரே கலங்கலாகிவிடும். கோட்டுப் படங்கள் அப்படி இல்லை, எவ்வளவு பெரிதாக்கினாலும் கூர்மை குறையாது. அதை நம்பித்தான் எல்லாவற்றையும் புதிதாக வரைய வைத்தோம்.

அண்ணன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பேருந்தின் கடைசி இருக்கை வரை குரல் கொடுத்த கண்டக்டர் அவர்.

மார்ச் 4

எங்கள் நிரலின் வயிற்றுக்குள் ஒரு சின்ன பிரவுசர் இருக்கிறது. திரையில் தெரிவதையெல்லாம் அதுதான் வரைகிறது. நாங்களோ கணினியில் இருக்கும் பெரிய பிரவுசரில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லிவிடுவோம், அது சட்டென்று திறக்கும் என்பதால். எல்லாவற்றையும் ஒரே நிரலாக மூட்டை கட்டியபின் உள்ளே எட்டிப்பார்க்க ஆளில்லை. சோம்பேறிக் கூட்டம் — என்னையும் சேர்த்துத்தான்.

பக்கத்து இருக்கை சோடாபுட்டி சொன்னான்: "உள்ள இருக்கிறது பழைய பிரவுசர். படத்தோட உயரத்த பூஜ்யம்னு எடுத்திருக்கும்."

இருக்கலாம். ஒவ்வொரு படத்துக்கும் அளவு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 5

வரவில்லை.

மார்ச் 6

அளவு மாற்றினேன், நிறம் மாற்றினேன், பின்னணியை மாற்றினேன். ஊஹும்.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மா போன் செய்தார். "நேத்து பயிற்சிக்கே வரமாட்டேன்னுட்டார். இன்னொரு தடவை வெறும் திரையைக் காட்டினீங்கன்னா அப்புறம் எதையும் தொடமாட்டார். இப்படி விட்டவங்களை நான் பார்த்திருக்கேன். சரியானப்புறம் கொண்டுவாங்க."

சரியாகவில்லை என்றால்? வாய் ஓயாத மனுஷன் அண்ணன். வீட்டுக்குள்ள வரும்போதே பேசிக்கிட்டே வருவார். இப்ப சுவத்தப் பார்த்து உட்கார்ந்திருக்கார். நான் என்ன கிழிச்சிக்கிட்டிருக்கேன், உயரம் பூஜ்யமாம்!

மார்ச் 8, சனி

அளவைப் பிடித்துத் தொங்குவதை விட்டுவிட்டு, அதே கட்டத்தில் பழைய புகைப்படம் ஒன்றை வைத்துப் பார்த்தேன். வந்துவிட்டது! எந்த அளவும் எழுதாமலே. பக்கத்துக் கட்டத்தில் கோட்டுப் படம் — வெறுமை. அப்படியானால் கட்டத்தில் குறையில்லை, அளவிலும் குறையில்லை. புகைப்படத்தை ஒரு விதமாகவும் கோட்டுப் படத்தை வேறு விதமாகவும் எதுவோ நடத்துகிறது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். புத்தி எப்போதும் பின்னால்தான் வருகிறது.

மார்ச் 10, திங்கள்

பிடித்தாயிற்று!

நிரல் ஒவ்வொரு ஃபைலையும் உள்ளே இருக்கும் பிரவுசரிடம் கொடுக்கும்போது, இது படம், இது ஒலி என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். புகைப்படத்துக்குச் சொல்லியிருந்தோம். கோட்டுப் படத்துக்கு யாரும் சொல்லவில்லை. அது வெறும் எழுத்து என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. அதன் உள்ளேயும் எழுத்துதானே — இங்கிருந்து அங்கே கோடு போடு, இங்கே வளை என்று. சின்ன பிரவுசர் சொன்னதை அப்படியே நம்பி, வரையாமல் சும்மா இருந்துவிட்டது. பெரிய பிரவுசர் ஃபைலை நேராகத் திறப்பதால் பெயரைப் பார்த்தே தெரிந்துகொண்டது.

சோடாபுட்டி தலையைச் சொறிந்தான். "அந்த இடத்த எழுதினது நான்தான். தெரியாததெல்லாம் எழுத்துன்னு போட்டா ஆபத்தில்லன்னு நினைச்சேன்."

"அடப்பாவி!"

"திட்டணும்னா திட்டிக்கோ."

"மூட்டையைக் கட்டு முதல்ல. அப்புறம் வச்சுக்கறேன்."

ஒரே ஒரு வரி சேர்த்தோம். இந்த முறை மூட்டை கட்டியபின் இருவரும் திறந்து பார்த்தோம். குவளை, செருப்பு, ஜன்னல், மழை, எல்லாம் பளிச்சென்று வந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவனும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், தூசியாம்.

மார்ச் 11

அண்ணன் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். கை அசையவில்லை.

அண்ணி அதட்டினார்: "நீ இங்க வா. தலைக்கு மேலயே நின்னா யாருக்குத்தான் கை வரும்?"

சமையலறையில் போய் நின்றோம். அப்புறம் உள்ளிருந்து குரல் — சோடாபுட்டியின் குரல், அவனை வைத்துத்தான் எல்லாவற்றையும் பதிவு செய்திருக்கிறோம் — "ஜன்னலைத் திறங்க." இருவரும் ஒன்றாக ஓடியதில் வாசற்படியில் முட்டிக்கொண்டோம். அண்ணன் கோணல் வாயோடு சிரித்தார்.

மார்ச் 15

பயிற்சிக்குப் போயிருக்கிறார். தானே சட்டையை எடுத்துக்கொடுக்கச் சொல்லி, தானே கிளம்பி.

மார்ச் 20, வியாழன்

வேலைக்கு நடுவில் அண்ணியின் போன். பின்னால் ஏதோ சத்தம்.

"உங்க அண்ணன் காலையிலேருந்து நிறுத்தல. காப்பிக்குச் சர்க்கரை பத்தலங்கிறார். மின்விசிறியைப் போடுங்கிறார், அணைங்கிறார், மறுபடி போடுங்கிறார். போன் பேசவிடமாட்டேங்கிறார். கேக்குதா?"

கேட்டது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று விடாமல் தொட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தச் சத்தத்தைக் குறைக்க ஏதாவது வழி இருக்கா?" என்றார் அண்ணி. சிரிப்பை அடக்குகிறார் என்று குரலிலேயே தெரிந்தது.

வழி இருக்கிறது. இல்லை என்று சொல்லிவிட்டேன்.