அம்மாவின் சிவந்த காது

தைப்பிங், தைச்சுங்
6 மே 1993

அன்புள்ள ஜுன்-ஹாவ் அண்ணாவுக்கும், கின்மென் ராணுவ முகாமில் இதை முதலில் பிரித்துப் படிக்கப்போகும் அதிகாரிக்கும்,

பெய்-லிங் எழுதுவது. இந்தக் கடிதத்தில் குண்டு என்ற சொல் அடிக்கடி வரும். ஐயா பதற வேண்டாம். அது என் அண்ணன் செய்த, உலோகம் வெட்டும் மிஷினின் தண்டவாளத்துக்குள் உருளும் எஃகுக் குண்டு. பெயர்தான் குண்டு, ஆள் கடுகளவு.

செய்தி இதுதான். லூகாங் ஊரில் பித்தளைத் தண்ணீர்க் குழாய் செய்யும் கோ ஐயா மிஷின் வாங்க வருகிறார். அம்மா, குண்டில்லாமல் இரும்பு மேல் இரும்பு வழுக்கி நகரும் தன் பெட்டித் தட மிஷினைத்தான் காட்டுவேன் என்றாள். நான் விடவில்லை.

"அண்ணனோடதையும் காட்டும்மா."

"அது மிஷினா? சக்கரம் வச்ச டீ மேசை. கனமான இரும்பை வெட்டச் சொல்லு, பல்லு தந்தியடிக்கும். ஒரு தடவை இடிச்சா தண்டவாளத்துல பள்ளம், கழட்டி எறிய வேண்டியதுதான். என்னோடது அப்படியா? தேய்ஞ்சா திரும்பச் சுரண்டிக்கலாம்."

"உன்னோடது நகர்றதுக்குள்ள எனக்குக் கல்யாண வயசு வந்துடும்."

அண்ணா, பெட்டித் தடமும் அம்மாவும் ஒரே வார்ப்பு. கிளம்பும்போது ஒரு சின்ன அடம், அப்புறம்தான் தடம். ஆனால் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் நடுங்காது.

கடைசியில் அம்மா இறங்கி வந்தாள். கோ ஐயா உன்னுடையதை எடுத்தால் நம் பட்டறை ஷெட்டில் பாதி உனக்கு. எடுக்காவிட்டால் தண்டவாளத்தைக் கழற்றி விற்றுவிடுவாளாம். அப்படி விற்றால் நீ வீடு திரும்பாமல் தைப்பே போய்விடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால் நன்றாக வேண்டிக்கொள்.

பின்குறிப்பு: மேடு பள்ளம் பார்க்கத் தடத்தில் பூசுகிற நீல மையை டெலிபோனில் தடவி வைத்தேன். அம்மா நீலக் காதோடு சந்தைக்குப் போய் வந்தாள். துடைப்பத்தோடு துரத்தினாள், பிடிக்க முடியவில்லை. நானும் குண்டு வைத்த வகைதான்.

உன் வாலுத் தங்கை
பெய்-லிங்

---

கின்மென்
14 மே 1993

வாலுக்கு,

உன் கடிதத்தை அதிகாரி சிரித்துக்கொண்டே கொடுத்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அம்மா சொல்வதில் பொய் இல்லை. கனமான இரும்புக்கு அவள் தடம்தான் சரி. ஆனால் கோ ஐயா வெட்டுவது பித்தளை. லேசான வெட்டு, நிறைய ஓட்டம். அதற்கு என்னுடையது.

அவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல். மிஷினின் நகரும் மேசையில் பத்து யுவான் காசை விளிம்பில் நிறுத்தி, மெல்லக் கிளப்பி, பிறகு முழு வேகத்தில் ஓட்டிக் காட்டு. காசு விழாது. வேறு எதுவும் பேச வேண்டாம்.

அம்மா நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நீ இருக்கிறாய்.

அன்புடன்
ஜுன்-ஹாவ்

---

தைப்பிங்
24 மே 1993

அன்புள்ள அண்ணா,

இன்று வேடிக்கை எதுவும் இல்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

சனிக்கிழமை மதியம் ஒத்திகை பார்த்தேன். காசு விழுந்தது. திரும்ப வைத்தேன், திரும்ப விழுந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. கொஞ்சம் குறும்பும்தான், மறைக்க மாட்டேன். ஞாயிறு காலை காசின் விளிம்பில் ஒரு துளி பசை வைத்து மேசையில் ஒட்டிவிட்டேன்.

உன் மிஷின் அழகாக ஓடியது. கோ ஐயா வெற்றிலைப் பாக்கை மெல்லுவதையே நிறுத்திவிட்டார். "இன்னும் வேகமா" என்றார். காசு அசையவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தேன். உன்னைப் பற்றி அப்படியொரு பெருமை அதில் இருந்து நான் பார்த்ததில்லை.

மிஷினை நிறுத்தியதும் கோ ஐயா குனிந்தார். "ராசியான காசு, இதை நான் எடுத்துக்கறேன்."

காசு வரவில்லை. நகத்தால் நெம்பினார். அப்புறம் நிமிர்ந்து மெதுவாகச் சொன்னார். "உங்க மிஷின் நல்லா ஓடுதும்மா. காசு அதைவிட நல்லா ஒட்டுது."

நான் தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அம்மா என்னை ஒரே ஒரு முறை பார்த்தாள். பிறகு அவரிடம் தலையைக் குனிந்து, "நான்தான் ஒட்டினேன். மன்னிச்சிடுங்க" என்றாள்.

அண்ணா, நான் வாயைத் திறக்கவில்லை. தட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை. குனிந்திருந்த அம்மாவின் காது சிவந்து கிடந்தது. நீல மை பூசி நான் சிரித்தேனே, அதே காது. கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது.

அவர் எதையும் வாங்காமல் போய்விட்டார். அம்மா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பெய்-லிங்

---

கின்மென்
1 ஜூன் 1993

பெய்-லிங்,

ஞாயிறு என்று ஏன் சொன்னேன் என்று யோசித்தாயா? சனிக்கிழமை பக்கத்து ஷெட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஓடும். நம் தரையே குதிக்கும். அந்த நேரத்தில் நிறுத்தி வைத்த மிஷினிலும் காசு விழும்.

ஞாயிற்றுக்கிழமை பசை தேவைப்பட்டிருக்காது.

அம்மா நம்பவில்லை என்பது எனக்குப் பழகியது. நீயும்தான் என்பது தெரியாமல் இருந்தது.

கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

ஜுன்-ஹாவ்

---

தைப்பிங்
15 ஜூன் 1993

அண்ணா,

எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பஸ் பிடித்து லூகாங் போனேன். கோ ஐயாவிடம், "ஒட்டினது நான். அம்மா இல்ல. அந்தக் காசு பசை இல்லாமலே நின்னிருக்கும்" என்றேன்.

"தெரியும். தட்டு பிடிச்சிருந்த உன் விரல்ல பசை காய்ஞ்சிருந்தது. பொண்ணுக்காக உங்கம்மா தலை குனிஞ்சாங்க. அங்க நின்னு அதைப் பார்க்க முடியலை, கிளம்பிட்டேன்."

"இப்ப வந்து பாருங்களேன். ஒரே ஒரு தடவை."

"வேற இடத்துல பணம் கட்டிட்டேன் கண்ணு."

ஒரு குழாயைப் பொட்டலம் கட்டி அம்மாவிடம் கொடுக்கச் சொன்னார். வழியெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியாமலா சொன்னேன்?" என்றாள், அவ்வளவுதான். குழாயைச் சமையலறையில் மாட்டிவிட்டாள். தண்ணீர் திறக்கும்போதெல்லாம் எனக்கு முகம் சுடுகிறது.

நேற்று முன்தினம், ஞாயிறு. ஷெட்டில் உன் மிஷின் சத்தம் கேட்டது. தண்டவாளத்தைக் கழற்றத்தான் தொடங்கிவிட்டாள் என்று ஓடினேன். அம்மா அந்தக் காசின் பசையை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, மேசையில் நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தாள். முழு வேகம். காசு நின்றது. நிறுத்தினாள், திரும்ப ஓட்டினாள். அப்போதும் நின்றது.

கையால் தண்டவாளத்தைத் தடவிப் பார்த்தாள். என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"எண்ணெய் விட்டு மூடி வை. அவன் வர்ற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. முக்கியமா நீ."

அந்தக் காசை இதோடு அனுப்புகிறேன். விளிம்பில் பசையைச் சுரண்டிய கீறல் ஒன்று இருக்கிறது, அது நான்.

பெய்-லிங்

---

கின்மென்
26 ஜூன் 1993

பெய்-லிங்,

காசு திரும்பி வருகிறது. அதை அம்மாவிடம் கொடு, நீ வைத்துக்கொள்ளாதே.

அக்டோபரில் என்னை விடுவிக்கிறார்கள். தைப்பேயில் வேலைக்குக் கூப்பிட்ட நண்பனுக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். வந்த முதல் ஞாயிறு நானே காசை நிறுத்துவேன்.

நீயும் வந்து பார்க்கலாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

ஜுன்-ஹாவ்