தண்ணீர்க் கோப்பைப் படம்

அனுப்புநர்:
எர்மெலிந்தா ஓர்த்திஸ்,
அறை எண் 7, எல் நோகால் தொழிலாளர் குடியிருப்பு,
கலிபோர்னியா.

பெறுநர்:
மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்கள்.

பொருள்: மகள் நெரெய்தாவின் (வயது 5) மருத்துவப் பதிவிலிருந்து ‘அக்கறையற்ற தாய்’ என்ற குறிப்பை நீக்கவும், மருத்துவமனைச் சுவரிலுள்ள படத்தைத் திருத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பாதாம் தோப்பில் கூலி வேலை செய்கிறேன். பள்ளிக்கூடம் போனதில்லை. நான் சொல்லச் சொல்ல, பக்கத்து அறை ஒதிலியா இதை எழுதுகிறாள்.

2. என் மகளுக்கு ஆஸ்துமா. பாதாம் மரங்களை உலுக்கிக் காய் உதிர்க்கும் மாதங்களில் புழுதி வீட்டுக்குள்ளேயே வந்து படுத்துக்கொள்ளும். அவளுடைய இன்ஹேலரில் மருந்து எவ்வளவு மீதி என்று காட்டும் எண் கிடையாது. அதிலுள்ள மருந்துக் குப்பியைக் கழற்றித் தண்ணீரில் போட்டு, மிதந்தால் காலி, முங்கினால் மருந்து இருக்கிறது என்று பார்ப்பதே எங்கள் குடியிருப்பின் வழக்கம். தங்கள் மருத்துவமனைச் சுவரிலும் தண்ணீர்க் கோப்பைக்குள் குப்பி இருக்கும் படம் தொங்குவதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஆகஸ்டில் நானும் போட்டுப் பார்த்தேன். முங்கியது. ஒன்பது நாள் அதையே கொடுத்தேன். அழுத்தினால் புஸ்ஸென்று வந்தது. வந்தது வெறும் காற்று என்று பிறகுதான் டாக்டர் சொன்னார்.

3. பத்தாம் நாள் காலை அவள் உதடு நீலமாகிவிட்டது. ஆறு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். “படிக்காத அம்மாங்ககிட்ட இதான் தொல்லை, பிள்ளை மேல அக்கறையே கிடையாது” என்று நர்ஸ் என் எதிரிலேயே சொன்னார். அதுவே பதிவிலும் ஏறிவிட்டது. அதைப் பார்த்துக் குழந்தைகள் நல அலுவலகம் நவம்பர் 4 அன்று விசாரணைக்கு அழைத்திருக்கிறது. மகளை என்னிடம் விடுவதா வேண்டாமா என்று அன்று முடிவு செய்வார்களாம்.

4. தோப்பு மேலாளரின் மகனுக்கும் இதே ஆஸ்துமா, இதே புழுதி. அவன் அம்மா மருந்துச் சீட்டைப் படிக்கிறார். வீட்டில் மருந்துப் புகை கொடுக்கும் மெஷினும் இருக்கிறது. அவனுக்கு ஒரு நாள் பள்ளி விடுப்போடு சரியாகிவிடுகிறது. அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பிள்ளைப் பாசம் அதிகம் என்று நான் நினைக்கவில்லை.

5. சென்ற வாரம் ஒதிலியாவைக் கூட்டிப்போய் அந்தப் படத்தைக் காட்டினேன். “ஐயோ அக்கா, கீழ ‘இப்படிச் செய்யாதீங்க’ன்னுல்ல போட்டிருக்கு!” என்றாள். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இன்னொரு தாய், மடியில் குழந்தையோடு, அதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகவே ஐயா, பதிவில் ‘படிப்பு இல்லை’ என்பது இருக்கட்டும், அது உண்மை. ‘அக்கறை இல்லை’ என்பதை மட்டும் நவம்பர் 4க்கு முன் அடித்துவிட உத்தரவிடுங்கள். விசாரணை எப்படி முடிந்தாலும், அந்தப் படத்தின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். அதைப் படிக்க எனக்கும் தெரியும்.

இடம்: எல் நோகால்
நாள்: 14.10.2019

தங்கள் பதிலை எதிர்நோக்கி,
(இடது பெருவிரல் ரேகை)
எர்மெலிந்தா ஓர்த்திஸ்,
நெரெய்தாவின் தாய்