ஜன்னல் அளவுத் தண்ணீர்

மூன்று தடவை சோப்பு போட்டும் கையில் குளத்து வாடை போகவில்லை. அழுகிய வேரும் சேறும் கலந்த அந்த வாடையோடுதான் உனக்கு எழுதுகிறேன். மூக்கைப் பொத்திக்கொள்ளாதே, இது நீயும் சேர்ந்து சம்பாதித்தது.

இதயத்தில் ஓட்டை, படியிறங்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, குளத்தைப் பார்த்த அந்த மாடி ஜன்னல்தான் உனக்கு மைதானம். பள்ளி விட்டதும் நானும் வந்துவிடுவேன். மேகம் தண்ணீருக்குள் மெதுவாக நடந்து போகும். நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு நாமக்கோழிகள் அதன்மேல் கோடு கிழிக்கும். "நம்ம கணக்கு வாத்தியாரு நீந்தறாருடா" என்பாய்.

"தெனமும் வெறுந்தண்ணி. பூ கீ இருந்தா நல்லாருக்கும்" என்றாய் ஒருநாள். உன்னை அசத்த நினைத்து, துடியலூர்ச் சித்தி வீட்டருகே குட்டையில் மிதந்த ஊதாப் பூச்செடிகளைப் பக்கெட்டில் போட்டு, சைக்கிளில் கொண்டுவந்து குளத்தில் விட்டேன். ஆகாயத்தாமரை குளத்தையே தின்னும் என்று எனக்கென்ன தெரியும்?

முதலில் அழகுதான். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் தண்ணீரைக் காணோம். பறவைகளும் போய்விட்டன.

"பேருலதான் ஆகாயம். கொளத்துல இருந்த ஆகாயத்தை முழுங்கிப்போட்டுது. கோழிகளும் நமக்கு நாமம் போட்டுட்டுப் போயிருச்சு." உன் சிரிப்பு பாதியில் இரைப்பாயிற்று. "ஒருக்கா அந்த மேகத்தைத் தண்ணில பாக்கோணும்டா."

"நாந்தான்டா கொண்டாந்து உட்டேன்."

"தெரியும். நீ பக்கெட்டோட சேத்துல உழுந்த வரைக்கும் இங்கிருந்து பாத்தனே."

மறுநாளே இறங்கிப் பிடுங்கினேன். நீ மேலிருந்து கைகாட்ட, உன் அம்மா குரல் கொடுத்தார்: "கண்ணு, எடது பக்கம் தள்ளிப் புடுங்கச் சொல்றான்! ஏஞ்சாமி, சளி புடிச்சுக்காதா?"

ஜன்னல் அளவுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டால், ஒரே வாரத்தில் செடி மூடிக்கொள்ளும். மறுபடி பிடுங்குவேன். ஒரு சாயங்காலம் அந்த இடைவெளியில் மேகம் வந்து நின்றது. நீ இரண்டு கைகளையும் தூக்கினாய். அந்த மாதமே போய்விட்டாய்.

இன்று ஞாயிறு, வழக்கம்போல் குளத்தில் இறங்கிப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். கரையில் போனவர் கேட்டார், "ஏந்தம்பி, மாநகராட்சில வேலை கெடச்சுருச்சுங்களா?"

"பர்மனெண்டுங்க" என்றேன்.

அவர் போனதும், திறந்த தண்ணீரில் ஒரே ஒரு நாமக்கோழி வந்து இறங்கியது. கணக்கு வாத்தியார்தான். திரும்பிப் பார்த்தேன். உன் ஜன்னல் சாத்தியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் சரியாகத் தெரியாது என்று தோன்றியது. கொஞ்சம் இடது பக்கம் தள்ளிப் பிடுங்கினேன்.