குளிர வைக்கத் தெரியாதவள்

காலையிலிருந்து என் ஆள்காட்டி விரலில் நல்லெண்ணெயும் கருகிய பூவும் கலந்த ஒரு வாசனை. இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன், போகவில்லை. புனேக்குப் பக்கத்தில் தளேகாவில் ஒத்திகைக்காக வாடகைக்கு எடுத்த ஃபேக்டரி ஷெட்டில், என் லைட் கன்சோலின் முன்னால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேண்டில் மற்றவர்கள் வாத்தியப் பெட்டிகளைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள். கன்சோலில் மேடை விளக்குகளைக் கூட்டிக் குறைக்க நான் தள்ளும் ஃபேடர் ஒன்றில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு. யாராவது வடா பாவ் தின்ற கையோடு இதைத் தொட்டால் நான் என்ன கத்துக் கத்துவேன் என்று உனக்குத் தெரியும். இன்றைக்கு என் கைதான் பிசுக்கு. துடைக்க மனம் வரவில்லை.

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசுவாய், திட்டுவாய், கோபம் வந்தால் நம் சொந்த ஊர் வேலூர்க்காரர்களுக்கே தெரியாத கெட்ட வார்த்தையெல்லாம் சொல்வாய். எழுத்து மட்டும் வராது. புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு வாத்தியார் வீட்டில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு என்னை அம்மா தரதரவென்று இழுத்துக்கொண்டு போனாள். நீ கிடாரைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக ஓடிவிட்டாய். உன்னால் படிக்க முடியாத எழுத்தில் எழுதினால் வெட்கம் கொஞ்சம் குறையும் என்று நினைத்துத்தான் தமிழில் ஆரம்பித்தேன். இதுவரைக்கும் குறைந்தபாடில்லை.

நம் வார்த்தை எங்கே ஆரம்பித்தது என்று ஞாபகம் இருக்கிறதா? கட்கியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் நம் வீடுகள் எதிரும் புதிருமாக இருந்த காலம். ஒரு வெள்ளிக்கிழமை உன் அம்மா மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரிய ஒத்தாசை செய்கிற மாதிரி, "நான் அணைச்சிடவா ஆன்ட்டி?" என்று கேட்டேன். செருப்பு மாட்டப் போனவர்கள் திரும்பி வந்தார்கள்.

"அணைக்கறதுன்னு சொல்லக் கூடாதும்மா. வூட்ல வெளக்க அணைக்க மாட்டாங்க. குளிர வெக்கணும்."

நீ சும்மா இருப்பாயா. "அப்ப ட்யூப் லைட்டும்மா?" என்றாய். "அதையும் குளிர வை, கரண்ட் பில்லு கம்மியாவும்," என்றார்கள் உன் அம்மா.

பத்து வருஷம் கழித்து, நம் பேண்டின் முதல் பெரிய மேடையில், சவுண்ட் செக் முடிந்ததும் நீ மைக்கில் குனிந்து என்னைப் பார்த்து "குளிர வை" என்றாய். மேடை முழுக்க இருட்டாக்கு என்று அர்த்தம். அன்றிலிருந்து நம் ஆட்கள் யாரும் பிளாக்அவுட் என்று சொன்னதில்லை. சவுண்ட் போர்டில் உட்காரும் விஷால் அசல் மராத்திக்காரர், ஹெட்செட்டில் "குளிர வய்" என்பார். ஷில்லாங்கில் அந்த ஊர் லைட் ஆட்கள் அது என்ன கமாண்ட் என்று கேட்டபோது, சென்னையில் எல்லா ஷோவிலும் அப்படித்தான் சொல்வார்கள் என்று அவர் சத்தியம் செய்தார். நீ மேடையில் சிரித்துச் சிரித்து பேஸ் கிடாரின் ஸ்ட்ராப்பைக் கழற்றிவிட்டாய்.

ஆனால் அந்த வார்த்தையை வைத்துத்தான் நமக்குச் சண்டையும். கடைசிப் பாட்டில் ட்ரம்ஸின் கடைசி அடி விழும்போது நான் பட்டென்று எல்லா விளக்கையும் வெட்டுவேன். கூட்டம் ஒரு நொடி மூச்சைப் பிடிக்கும், அப்புறம் ஓவென்று கத்தும். அந்தக் கத்தலுக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன் என்று சொன்னாலும் தப்பில்லை. நீயோ அந்த அடி விழுந்த பிறகும் உன் கம்பியில் ஒரு சுரத்தை ஓடவிட்டுக்கொண்டு நிற்பாய். அது தேய்ந்து தேய்ந்து போய் முடிய நேரம் ஆகும்.

"என் நோட்டு இன்னும் போவலடி. அதுக்குள்ள நீ கடைய மூடிட்ட."

"கூட்டம் கத்துதுல்ல? உன் நோட்டு எவனுக்குக் கேக்குது?"

"எனுக்குக் கேக்குதே. நான் சொல்றது குளிர வைன்னு. நீ பண்றது அணைக்கறது."

ஒவ்வொரு ஊரிலும் இதே பேச்சு. நான் ஒரு ஊரிலும் கேட்டதில்லை.

வெளிச்சத்திலும் நீ நிற்க மாட்டாய். தரையில் உனக்கென்று டேப் ஒட்டி, அதன் மேல் அழகாக ஒரு வெளிச்சத்தை இறக்கி வைத்தால், பாட்டு தொடங்கியதும் ரெண்டு அடி தள்ளி இருட்டில் நிற்பாய். நான் விளக்கைத் திருப்பினால் நீ இன்னும் நகர்வாய். பெங்களூரில் வேண்டுமென்றே உன்னை விளக்கால் துரத்தினேன், நீ ட்ரம்ஸுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு அங்கிருந்தே வாசித்தாய். "பேஸு கேக்கற சமாச்சாரம், பாக்கறது இல்ல. என் மூஞ்சி எதுக்கு?" என்றாய். உன்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. இந்த வேலையை இத்தனை வருஷம் செய்தவளுக்கு, வெளிச்சம் வேண்டாம் என்று ஒருவன் சொன்னால் அதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் உனக்கு டெங்கு வந்தது. அந்த வாரமே நீ போய்விட்டாய். அதைப் பற்றி இங்கே எழுத எனக்குத் தெம்பில்லை.

எழுத வேண்டியது அதற்குப் பிறகு நடந்ததை. உனக்காகப் புனேயில் ஒரு ஷோ வைத்தோம். பாடுகிற ரோஹன் ஒரு யோசனை சொன்னான். கடைசிப் பாட்டில் உன் பழைய ரெக்கார்டிங்கிலிருந்து பேஸை மட்டும் எடுத்து ஓட விடலாம், மேடையில் நீ நிற்கிற இடத்தைக் காலியாக விடலாம் என்றான். அந்தக் காலி இடத்தை என்ன செய்வது என்பதை என்னிடம் விட்டான். நான் உன் கிடாரை ஸ்டாண்டில் நிறுத்தி, புகை மெஷினைக் கொஞ்சம் கூட்டி, மேலிருந்து ஒரே ஒரு வெள்ளை வெளிச்சத்தை இறக்கினேன். டேப் ஒட்டின இடத்தில், அச்சாக அதன் மேலே. உயிரோடு இருந்தவரை நீ நிற்காத இடத்தில் உன்னை நிற்க வைத்தேன்.

உன் அம்மாவைக் கூட்டத்தில் விட மனம் இல்லாமல், என் கன்சோலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, கைப்பையை மடியில் பிடித்துக்கொண்டு, ஷோ முழுக்க அசையாமல் இருந்தார்கள். கடைசிப் பாட்டில் அந்த வெளிச்சம் இறங்கியதும் கூட்டத்தில் அழுகைச் சத்தம் கேட்டது. ஃபோன்களை உயர்த்திப் பிடித்தார்கள். ட்ரம்ஸின் கடைசி அடி விழுந்தது. நான் பட்டென்று வெட்டினேன்.

கும்மிருட்டு. ஒரு நொடி. அப்புறம் நான் என் வாழ்க்கையில் கேட்காத ஒரு கத்தல்.

இப்போது சொல்லப்போவதைத்தான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உன்னை நினைத்து இல்லை. கச்சிதமாக வந்துவிட்டது என்ற சந்தோஷம். ஹெட்செட்டில் விஷால் அழுதுகொண்டே "க்யா பாத் ஹை," பிரமாதம் என்றார், நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்படியே உன் அம்மா பக்கம் திரும்பினேன்.

"ஏம்மா அணைச்சிட்ட?" என்றார்கள்.

முதலில் எனக்குப் புரியவில்லை. "பாட்டு முடிஞ்சிடுச்சு ஆன்ட்டி," என்றேன்.

"அவன் சத்தம் இருந்துச்சே."

ரெக்கார்டிங்கில் உன் கடைசி சுரம் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனை கூச்சலுக்குக் கீழே, காதில் பஞ்சோடு, அதை அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேட்கவில்லை. சொல்லக் கூடாது என்று என்னைத் திருத்திய அந்த வெள்ளிக்கிழமையைத் தவிர, அணைக்கிறது என்ற சொல் அந்த அம்மாவின் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

இதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த வீடியோ எங்கெங்கோ பரவியது. அடுத்த டூரிலும் இது கட்டாயம் வேண்டும் என்று ரோஹன் சொன்னான். நான் சரி என்றேன். ஹைதராபாத்தில் செய்தேன், கொச்சியில் செய்தேன், டெல்லியில் இன்னும் கொஞ்சம் புகை சேர்த்துச் செய்தேன். ஒவ்வொரு ஊரிலும் அழுதார்கள். ஒவ்வொரு ஊரிலும் முன்பின் தெரியாதவர்கள் என் கையைக் குலுக்கி, உயிரான நட்பு என்றார்கள். நான் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன். செத்துப்போன சிநேகிதனை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிக் கைதட்டல் வாங்கினேன். இதற்கு வேறு நல்ல பெயர் இருந்தால் எனக்குத் தெரியவில்லை.

டெல்லியிலிருந்து திரும்பிய பிறகும் கட்கிப் பக்கம் போகாமல் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை தளேகாவுக்கு லோக்கல் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது. வழியில்தானே என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு கட்கியில் இறங்கினேன். உன் அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். உன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சாயா கொடுத்தார்கள், இளைச்சிட்டியே என்றார்கள், என் அம்மாவின் முட்டிவலியை விசாரித்தார்கள். அப்புறம் நிமிராமலே கேட்டார்கள்.

"அடுத்த ஊர்லயும் அவன வெக்கிறீங்களா?"

"ஆமா ஆன்ட்டி."

"அப்டியா," என்றார்கள். மாவை உருட்டத் தொடங்கினார்கள். என்னை வைதிருந்தால் தேவலை.

கிளம்பும்போது, "கையெல்லாம் மாவு. வெளக்க நீயே குளிர வெச்சிட்டுப் போம்மா," என்றார்கள். தட்டிலிருந்து ஒரு நந்தியாவட்டையை எடுத்துத் திரியின் மேல் வைத்து அழுத்தினேன். சுரீரென்று இதழ் கருகியது, விளக்கு பொசுக்கென்று போய்விட்டது. அறை முழுக்கப் புகை.

உன் அம்மா எழுந்து வந்து, மாவுக் கையோடேயே தீக்குச்சியைக் கிழித்துத் திரியை மறுபடி ஏற்றினார்கள்.

"எப்பவும் அவசரந்தான் ஒனக்கு. பூவ எண்ணெய்ல தோச்சிக்க. திரிய மெல்ல உள்ள தள்ளு. அதுவா அடங்கும்."

வேறொரு பூவை எடுத்தேன். எண்ணெயில் தோய்த்து, திரியின் நுனியை மெல்ல உள்ளே தள்ளினேன். சுடர் சுருங்கியது, நீலமாக ஒரு பொட்டு நின்றது, எண்ணெயில் அமிழ்ந்தது. புகை இல்லை. "அவ்ளோதான்," என்று சொல்லிவிட்டு உன் அம்மா மாவுக்குத் திரும்பினார்கள். ரயிலில் கதவோரம் நின்று, அக்கம்பக்கம் பார்க்காமல் அழுதேன்.

ஷெட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த வெள்ளை வெளிச்சத்தை ஷோவிலிருந்து அழித்தேன். உன் கிடாரைப் பெட்டியில் வைத்து ஓரமாக நிறுத்தினேன், நாளைக்குக் கட்கியில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். ரோஹன் குதித்தான். "லோக் வஹீ தேக்னே ஆதே ஹைன்," ஜனங்கள் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள் என்றான்.

"அதனாலதான்," என்றேன். அவனுக்குத் தமிழ் புரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஷோ பார்க்கலாம் என்று முனகிக்கொண்டு மைக்குக்குப் போனான்.

இதைச் செய்ததால் எதுவும் நேராகிவிட்டதாக நான் நினைக்கவில்லை. அந்த மூன்று ஊர்களும் அப்படியே இருக்கின்றன. வீடியோ அங்கேயே இருக்கிறது. நான் பல்லைக் காட்டின முகத்தை உன் அம்மா பார்த்தார்கள், அதை அழிக்க என் கன்சோலில் பட்டன் கிடையாது.

ஆனால் மதியம் கடைசிப் பாட்டை உன் ரெக்கார்டிங்கோடு ஓட்டிப் பார்த்தோம். நீ நிற்கிற பக்கம் இருட்டாகவே இருந்தது, உனக்குப் பிடித்த மாதிரி. ட்ரம்ஸின் கடைசி அடி விழுந்தது. என் விரல் பழக்கதோஷத்தில் பட்டனுக்குப் போனது, இழுத்துக்கொண்டேன். அந்த எண்ணெய் விரலை ஃபேடரின் மேல் வைத்தேன். மேடையில் எல்லோரும் கையை எடுத்துவிட்டுச் சும்மா நின்றார்கள். தகரக் கூரைக்குக் கீழே உன் சுரம் மட்டும் தேய்ந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அதை முழுசாகக் கேட்பது எனக்கு இதுதான் முதல் தடவை.

ஹெட்செட்டில் விஷால், "குளிர வய்?" என்றார்.

"பொறுங்க," என்றேன். "அவன் சத்தம் இருக்கு."