நன்மை வாங்கும் முன் ஒரு விரல் பால்

பினாங்கு, 1931. தவக்காலம், ஞாயிறு இரவு.

காலையில் பூசைக்குக் கிளம்பும்போது ஆசையை அடக்க முடியாமல் டின் பாலில் விரல் விட்டு நக்கிவிட்டேன். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பமாகிய நன்மை வாங்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாதென்று பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீ சொல்லியிருக்கிறார். அதனால் கோயிலில் எல்லாரும் நன்மை வாங்க எழுந்தபோது நான் எழாமல் இருந்தேன். குமாஸ்தா கிராணியின் மனைவி திரும்பிப் பார்க்க, அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

“ஏண்டி குந்திக்கிட்டிருக்கே? அப்படி என்ன பாவம் செஞ்சே? கிராணி வீட்டம்மா பாக்குது, எழுந்திரு!”

“ஒண்ணுமில்லம்மா.”

போய் நாக்கை நீட்டி வாங்கிவிட்டேன். அது சாவான பாவம். இப்படியே செத்தால் நரகம்தான். எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டவரை நேசிக்கிறேன் என்று தினமும் ஜெபத்தில் சொல்கிறேன். இன்று கிராணி வீட்டம்மாளின் பார்வைதான் எனக்குப் பெரிதாக இருந்தது. சாமியார் சனிக்கிழமைதான் பாவசங்கீர்த்தனம் கேட்டு மன்னிப்புக் கொடுப்பார். அதுவரை ஆறு இரவுகள் நான் சாகாமல் இருக்க வேண்டும்.