றம்ஸி நானாவின் அரசாங்கத் தூக்கம்

மே 4, 2025, ஞாயிறு

பலாபத்வலயில் மூன்று நாள் மழை. எங்கள் பின்சுவர் பாதி இறங்கிவிட்டது. நிவாரண அரிசிக்காகக் கிராம சேவகர் கந்தோரிலிருந்து படிவம் வந்திருக்கிறது, முழுக்கச் சிங்களத்தில். வீட்டில் சிங்களம் அழகாக எழுதுகிறவள் நான் என்பதால் எந்தப் படிவம் வந்தாலும் நான்தான் நிரப்புவேன். நான் பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் மற்றவர்கள் கையெழுத்து வைப்பார்கள். வாசிக்க மாட்டார்கள். பதினாறு வயதுக்காரிக்கு இவ்வளவு அதிகாரம் கொடுப்பது நாட்டுக்கு நல்லதல்ல.

'நீண்டகால நோய்' என்று ஒரு கட்டம். உம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று ஒழுங்காக எழுதினேன். என் அண்ணன் றம்ஸி நானாவுக்கு: 'கடும் தூக்க நோய். பாங்கு சொன்னாலும் எழும்ப மாட்டார். லொறி ஹோர்ன் அடிக்க வேண்டும்.'

நானா கையெழுத்து வைத்துவிட்டு டீ கேட்டார்.

மே 6

படிவத்தைக் கொடுத்தேன். கிராம சேவகர் மிஸ் சிரிப்பார் என்று நின்று பார்த்தேன். அவர் வாசிக்கவே இல்லை. இந்த ஊரில் என் எழுத்துக்கு வாசகர் இல்லை.

மே 20

அரிசி வந்தது. உள்ளே நிறையக் கல். சுவர் கட்டத் தந்திருப்பார்கள்.

ஜூன் 12

நானாவுக்கு வெளிநாட்டில் பஸ் ஓட்டும் வேலை சரிவந்துவிட்டது. விசா மட்டும்தான் பாக்கி. ஆறு வருஷம் ஓட்டிய மரக்கறி லொறியின் சாவியை இன்று முதலாளி ஸக்கரியா ஹாஜியிடம் திருப்பிக் கொடுத்தார். மாலைக்குள் அது வேறு டிரைவரிடம் போய்விட்டது.

ஜூன் 17

மாத்தளை டவுன் ஏஜன்சிக்காரர் நுஹ்மான் அவசரமாக வரச் சொன்னார். நானும் நானாவுடன் தொற்றிக்கொண்டு போனேன். விசாவை நிறுத்திவிட்டார்களாம்.

"ஒங்களுக்குத் தூக்க நோயாமே தம்பி. பஸ் ஓட்டுற ஆளுக்கு அது ஈக்கலாமா? அந்த நாட்டு அரசாங்கமே கேட்டு எழுதியிருக்கு."

நானா சிரித்தார், ஆள் மாறிவிட்டது என்று நினைத்து. நான் மேசையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், தூக்க நோய். அவ்வளவுதான். பாங்கு இல்லை, ஹோர்ன் இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றியவர் பகிடியை வெட்டிவிட்டு நோயை மட்டும் வைத்திருக்கிறார்.

ஜூன் 17, மறுபடியும்

சொல்லணுமா? சொன்னா உம்மா தோலை உரிச்சிடுவாங்க. சொல்லாட்டி நானாவுக்கு — சாவியும் இல்ல, விசாவும் இல்ல. என்னத்த செஞ்சி வச்சிருக்கேன் நான்?

ஜூன் 18

சொன்னேன். உம்மா அகப்பையைத் தேடினார். நானா ஏசவில்லை. அதுதான் அகப்பையைவிட வலித்தது. சோறு தின்று, கை கழுவி, வந்து உட்கார்ந்த பிறகு கேட்டார்:

"நீ எழுதினது வெளயாட்டு, சரி. நாம குடுத்தது அரிசிக்கு. அரிசிக்குச் சொன்னத எதுக்கு பஸ்ஸுக்குச் சொன்னாங்க?"

இதையெல்லாம் தரவு என்கிறார்களாம். நல்ல பெயர். தருவது மட்டும்தான் நம் வேலை; வரவு கிடையாது.

ஜூன் 25, புதன்

கிராம சேவகர் மிஸ், தான் பெரிய கந்தோருக்கு மட்டுமே அனுப்பியதாகச் சொல்ல, பெரிய கந்தோருக்குப் போனோம். அங்கிருந்த ஐயா தன் கையால் யாருக்கும் கொடுக்கவில்லையாம், கம்ப்யூட்டர்தான் கொடுத்ததாம். வெளிநாட்டு வேலைக் கந்தோருக்கு ஒன்று, அங்கிருந்து அந்த நாட்டுக்கு ஒன்று. இரண்டு அரசாங்கங்களும் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டனவாம்.

"எங்கிட்ட யாரும் பேசல்லையே" என்றார் நானா.

ஐயா திரையைக் கீழே உருட்டினார். இன்னொரு இடத்துக்கும் போயிருக்கிறது. அது எந்த இடம் என்று அவருக்கே தெரியவில்லை. வெறும் இலக்கம்தான் விழுந்திருக்கிறது. பிழையைத் திருத்தக் கேட்கலாம், எழுதித் தாருங்கள் என்றார்.

ஜூன் 26

நாலு கடிதம் எழுதினேன்; நாலாவதின் முகவரி, அந்த இலக்கம் மட்டும்தான். ஒரு பகிடியும் இல்லை. வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் எழுதியதில்லை. நானா ஒவ்வொரு வரியையும் விரல் வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கையெழுத்து வைக்க ஒரு மணித்தியாலம் ஆனது. பென்சில் புள்ளியை அழிக்கச் சொல்லிவிட்டார்.

ஜூலை 9

டொக்டரிடம் சான்றிதழ் வாங்கப் போனோம். ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் தூங்குவீர்கள் என்று கேட்டார். மூன்று கிழமையாக ஒழுங்காகத் தூங்கவில்லை என்றார் நானா. தூக்க நோய் இல்லை என்று டொக்டர் உடனே எழுதிக் கொடுத்தார். பிறகு, தூக்கம் வராததும் ஒரு வருத்தம்தான் என்று இன்னொரு தாளை எடுத்தார். நானா எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத மட்டும் எழுத வேணாம் டொக்டர். யாருக்குப் போகும்னு தெரியாது."

நான் சிரித்தேன். வெளியே வந்து பஸ்ஸில் ஏறிய பிறகுதான் யோசித்தேன்: மூன்று கிழமையா? இருபத்தொரு இரவா? பக்கத்து அறையில் குறட்டை கேட்காததைக்கூட நான் கவனிக்கவில்லையே.

ஜூலை 30

பெரிய கந்தோரிலிருந்து: திருத்தப்பட்டது. வேலைக் கந்தோரிலிருந்து: திருத்தப்பட்டது.

ஆகஸ்ட் 6

அந்த நாடும் திருத்திவிட்டது. விசா வந்துவிட்டது. உம்மா வட்டிலப்பம் அவித்தார். எனக்கும் ஒரு துண்டு, சின்னதாக.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நானாவைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஏற்றிவிட்டு வந்தோம். வாசலில் ஸலாம் சொல்லிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். புத்தி சொல்லப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன்.

"நிப்லா, அந்த நாலாவது இடத்தக் கண்டுபுடி. அது ஒன்ட வேல."

மூன்று இடங்களில் நானா நல்ல சுகம். நாலாவது இடத்தில், அது எங்கே இருந்தாலும், இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறார். கடிதத்துக்குப் பதில் இல்லை. வரும் புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் பெரிய கந்தோருக்குப் போய், எழுப்ப வழி கேட்க வேண்டும்.