ஆய்வகத்தில் குளிர்காயக் கூடாது

ஜனவரி 19, திங்கள்

உறைபனி. பள்ளி மைதானம் முழுக்க வெள்ளை. ஸ்கூட்டர் சீட்டிலும். விரல் மரத்துப்போய்ச் சாவி திருப்பவே பெரும்பாடு.

முதல் பீரியட் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறை. உள்ளே போனால் ஒரு சோதனைக்குழாய்கூட ஸ்டாண்டை விட்டு நகரவில்லை. ஸ்பிரிட் விளக்கு மட்டும் எல்லா மேஜையிலும் எரிகிறது. சுற்றி நின்று கை நீட்டிக் குளிர்காய்கிறார்கள்! பவித்ரா, வகுப்புத் தலைவி, வாய் கொஞ்சம் அதிகம்: "கை சூடானாத்தானுங்க மிஸ் டெஸ்ட் டியூபப் புடிக்க முடியும்." சிரித்துவிட்டேன். அதற்குள் அவள் சால்வை நுனி தீக்கு மேலே ஊசலாடியது. சிரிப்பு போச்சு.

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. குளிருக்குப் பயந்து ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கிறது. மூலையில் புதிதாக ஒரு ரூம் ஹீட்டர், கம்பி செக்கச்செவேலென்று. பிள்ளைகள் குளிரில் நடுங்குகிறார்கள் என்று தலைமையாசிரியை காலையில் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்தாராம். அதை ஒட்டியே ஸ்பிரிட், அசிட்டோன் வைக்கும் அலமாரி. உடனே ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். "ஐயோ மிஸ்ஸ்ஸ்" என்று மொத்த வகுப்பும்.

வீட்டுக்காரருக்கு வெடிமருந்து ஃபேக்டரியில் கிளார்க் வேலை. கேட்டுவிட்டு ஒரே கிண்டல். "எங்க கேட்டுல தீப்பெட்டி இருந்தா ஆளையே உள்ள உட மாட்டாங்க. உங்க ஸ்கூல்ல ஸ்பிரிட்டுக்கே குளுருதுன்னு ஹீட்டர் வெச்சிருக்கீங்களாக்கும்?"

ஜனவரி 20, செவ்வாய்

வெயில் லேசாக. தலைமையாசிரியை அறைக்குப் போகும் முன் இரண்டு தடவை தண்ணீர் குடித்தேன். நல்ல மனுஷி. அதுதான் கஷ்டம்.

"ஏனுங்க டீச்சர், கொழந்தைங்க வெறைச்சுப் போயிருதுங்க. உங்களுக்குப் பாவமா இல்லீங்களா?"

"பாவமாத்தான் இருக்குதுங்க மேடம். அதனாலதான் எடுக்கச் சொல்றேன்."

முகம் வாடிவிட்டது. ஹீட்டர் மகள் வாங்கித் தந்ததாம். "எடுத்துக்கறேன். ஆனா ஒரு புள்ள காய்ச்சல்ல படுத்தாலும் உங்களத்தான் கேப்பேன்."

இன்று முதல் ஆய்வகத்தில்: சால்வை, மஃப்ளர் வாசல் ஆணியில். தலைப்பின்னல் ஸ்வெட்டருக்குள். இரண்டு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும். எரியும் விளக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் ஊற்றக் கூடாது. மேஜைக்கு ஒரு ஈரச்சாக்கு, வாசலில் மணல் வாளி. சொல்லி முடித்தேன்.

வராந்தாவில் காதில் விழுந்தது: "நல்ல மிஸ்ஸாத்தான் இருந்தாங்க."

ஜனவரி 21, புதன்

மறுபடி உறைபனி. பல் தந்தியடிக்க சால்ட் பகுப்பாய்வு. ஒருவனுக்குக் கை நடுங்கிச் சோதனைக்குழாய் உடைந்தது. இப்படியே போனால் தீயும் வேண்டாம், தேர்வும் வேண்டாம் என்றாகிவிடும். மேடம் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

டிபன் சாப்பிடும்போது தோன்றியது. சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி ஆய்வகத்துக்கு வெயில் வருவது மதியம்தான். மதியம் அவர்களுக்கு விளையாட்டு. மாற்றிக்கொண்டால்?

பி.டி. சார் பொள்ளாச்சிக்காரர், மலைக்குளிர் ஒத்துக்காது. இரண்டு ஸ்வெட்டர், மங்கி கேப். "காலங்காத்தால, பனில, நானுங்களா?"

"ஓடுனா சூடாயிருமுங்க சார்."

"ஓடறது அவங்கதானுங்க. நான் நின்னு விசில் ஊதோணுமே!"

ஒரு டப்பா வர்க்கி பிஸ்கட் கொடுத்தபின் சம்மதம்.

ஜனவரி 22, வியாழன்

பி.டி. சாரைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். துணியில் தீப்பிடித்தால் ஓடாதே, நில், படு, உருள் என்று நான் கரும்பலகையில் எழுதியதை மைதானத்துக்கே கொண்டுபோய்விட்டார். விசில் அடித்தால் மொத்த வகுப்பும் ஈரப்புல்லில் உருள்கிறது. யூனிஃபார்ம் எல்லாம் பச்சை. நாளைக்கு எத்தனை அம்மாக்கள் வந்து கேட்பார்களோ. பவித்ரா தேவைக்கு மேல் உருண்டாள்.

மதியம் ஆய்வகத்தில் வெயில். ஜன்னல் திறந்ததும் தேயிலை வறுபடும் வாசனை. யாரும் நடுங்கவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. எல்லாரும் நலம். முதலில் அது.

பவித்ராவோடு ஒரே மேஜையில் நிற்கும் நிஷாவின் விளக்கில் ஸ்பிரிட் தீர்ந்திருக்கிறது. மேஜையில் இன்னொரு விளக்கு எரிவதை மறந்து ஊற்றியிருக்கிறாள். சிந்தியது ஓடிப்போய்ப் பற்றிக்கொண்டது. வெயிலில் அந்த நீலத்தீ சரியாகக் கண்ணுக்கே தெரியாது. நான் கடைசி மேஜையில். "பாட்டில எடு!" என்று கத்தினேன். ஆனால் அதற்கு முன்பே பவித்ரா பாட்டிலைத் தூரத் தள்ளி, நிஷாவை இழுத்து, ஈரச்சாக்கை விரித்துப் போட்டுவிட்டாள். அணைந்தது. மேஜையில் உள்ளங்கை அகலம் கறுப்பு. அவ்வளவுதான்.

நிமிர்ந்தால் வாசலில் தலைமையாசிரியை. பிள்ளைகளுக்குக் குளிர்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். மேஜையைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். ஹீட்டர் இருந்த மூலையைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "டீச்சர், அது மட்டும் இங்க இருந்திருந்தா..." அழுதுகொண்டிருந்த நிஷாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் அணைத்துக்கொண்டார்.

பவித்ரா மூக்கைப் பிடித்துக்கொண்டு: "சாக்கு செம நாத்தமுங்க மிஸ்."

இனி ஸ்பிரிட் பாட்டில் என் மேஜையில் மட்டும். வகுப்புக்கு முன் நானே ஊற்றி வைப்பேன். வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். இவர் கிண்டல் பண்ணவில்லை. ரசம் வைத்துக் கொடுத்தார். உப்பு இல்லை. இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

நல்ல வெயில். நேற்றுக் கொடியேற்றத்தில் கொடுத்த மிட்டாயைப் பாதிப்பேர் இன்னும் வாயில் போட்டுக்கொண்டு. ஆய்வகத்துக்கு வெளியே துப்பவைத்தேன்.

வகுப்பு பாதி நடக்கும்போது, திறந்த ஜன்னல் வழியே பெரிய குரங்கு ஒன்று. ஆற அமர மேஜைமேல் இறங்கியது. இருபது விளக்குக்கு மேல் எரிகிறது, இவர்கள் அலறி ஓடினால் என்ன ஆகும்!

டக், டக், டக். ஒவ்வொரு மேஜையிலும் விளக்கை மூடி போட்டு அணைத்தார்கள். கடைசி விளக்கும் அணைந்தது.

அப்புறம்தான் கத்தினார்கள். அப்படி ஒரு கத்தல். குரங்கு வந்த வழியே ஓட்டம்.